சுவா சூ காங் கிளையின் பன்னிரண்டாவது ஆள்

...பன்னிரண்டு என்றா சொன்னான் அந்த வெள்ளைக்காரன், பன்னிரண்டு பேர் என்றுதானே காதில் விழுந்தது, போகட்டும், இப்போது அதுவா முக்கியம், சட்டைப்பையில் கடிதம் இருக்கிறது, தொட்டுப் பார்த்தாகிவிட்டது, தஞ்சோங் பகாரில் பஸ் ஏறும்போது ஒரு தடவை, சிராங்கூன் ரோட்டில் இறங்கும்போது ஒரு தடவை, இந்தச் சாப்பாட்டுக் கடையில் விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்காரும்போது ஒரு தடவை, இருக்கிறது, எங்கும் ஓடிவிடவில்லை, மடித்த காகிதத்தின் மூலை நெஞ்சில் குத்துகிறது, குத்தட்டும், இரண்டு வருடம் குத்தட்டும்... சுவிசேஷமுத்துவுக்கு வருகிற வியாழக்கிழமை ஐம்பத்தைந்து முடிகிறது, ஐம்பத்தைந்து முடிந்தவரை மேலாளர் கைகுலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பது அந்தக் கப்பல் கம்பெனியின் வழக்கம், கடிகாரம் வாங்கிப் போனவர்களில் யாரும் அதற்குப் பிறகு மணி பார்த்ததாகத் தகவல் இல்லை, ஒருவர் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்றே எட்டு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தார், இது சுவிசேஷமுத்து சொல்கிற கணக்கு, முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொல்வார், நம்புகிறவர்கள் நம்பலாம். அவருக்குக் கடிகாரம் இல்லை, கடிதம். இன்னும் இரண்டு வருடத்துக்கு அதே மேசை, அதே நாற்காலி. "அண்ணே, என்ன, தனியா சிரிக்கிறீங்க, சனிக்கிழமையாச்சே, கறியா மீனா?" என்று இலையைப் போட்டுவிட்டு மாணிக்கம் கேட்டான், இருபது வருடமாக இந்தக் கடையில் பரிமாறுகிறவன், எல்லாரையும் அண்ணே என்பான், அவன் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவான் போலிருக்கிறது. "ரெண்டும் வை." "அண்ணி வீட்டுல இல்லியா?" "சபைப் பெண்கள் கூட்டம், மூணு மணிக்குத்தான் கிளமெண்டிக்குத் திரும்புவா, அதுவரைக்கும் நான் சுதந்திர மனுசன், ஒரு பெட்டி லட்டும் கட்டி வை, வீட்டுக்கு." மாணிக்கம் சோற்றைக் குவித்தான், பருப்பு, பிறகு முருங்கைக்காய் சாம்பார், கரண்டியில் ஐந்து துண்டு சேர்ந்து விழுந்தது, இன்றைக்கு எல்லாமே கூடுதலாக விழுகிற நாள்.

காலையில் பத்து மணிக்கு இந்த வயிறு இருந்த நிலையில் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கியிருக்காது. ஹாங்காங் தலைமை அலுவலகத்திலிருந்து விட்லாக் வந்து உட்கார்ந்திருந்தான், கணக்குப் புத்தகம் பார்க்கிற ஆள் இல்லை இவன், கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் யார் யார் பெயர் இருக்கிறது, யார் எந்தப் பெட்டியைத் திறக்கலாம், யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், அதை மட்டும் நோண்டிப் பார்க்கிற ஆள், போன மாதம் பாங்காக் அலுவலகத்தில் அந்தப் பெயர்ப்பட்டியலை எழுதிவந்த ஒருவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டானாம். மேலாளர் மிஸ் கோ ஒளிவுமறைவு இல்லாதவள், விட்லாக் முன்கூட்டியே அனுப்பியிருந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முந்தாநாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள், முத்து, வலது டிராயரில் உங்கள் நீட்டிப்புக் கடிதம் இருக்கிறது, இடது டிராயரில் கடிகாரம் இருக்கிறது, விட்லாக் சரி என்றால் வலது, இல்லை என்றால் இடது, என் கையில் ஒன்றும் இல்லை லா... இரண்டு நாள் தூக்கம் போயிற்று, கனவில் டிராயர் திறக்கிறது, உள்ளே இருந்து டிக் டிக் என்று சத்தம்.

ஏனென்றால் அந்தப் பட்டியல் முழுக்க அவர் கைவேலை. எண்பத்தாறில் கம்பெனி ஒரு பெரிய மெஷினை வாங்கிக் கண்ணாடி அறைக்குள் வைத்துக் குளிரூட்டியது, மேசைகளில் பதினாலு சின்னக் கம்ப்யூட்டர்கள், தரைக்கடியில் ஒயர் இழுத்து எல்லாவற்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள், பெரிய மெஷின் நார்வேயில் பிறந்தது, சூடு பட்டால் ஊர் ஞாபகம் வந்து அழும், அதனால்தான் அறையைக் குளிரூட்டுகிறார்கள் என்று தட்டச்சுப் பெண் லீலாவிடம் சொல்லிவைத்தார், அவள் ஒரு மாதம் அந்த அறைக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அந்த முடிச்சுக்கு ஒரு டைரக்டரி வேண்டும், யார் எந்தப் பிரிவு, எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பிரிவு, எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும் என்றபோது மிஸ் கோ இவரைக் கைகாட்டினாள், முத்து சர்ச்சில் முப்பது வருடமாகப் பேரேடு எழுதுகிறார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று, கம்ப்யூட்டரில் கையெழுத்துக்கு வேலையே இல்லை என்பது அப்போது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சபை ஏட்டில் எப்படியோ அப்படியே செய்தார், ஒரு குடும்பம் ஒரு பக்கம், பக்கத்துக்குத் தலைப்பில் குடும்பத்தலைவர், கீழே மற்றவர்கள், கப்பல்துறைக் குடும்பம், மாலுமிக் குடும்பம், பொதுக் குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை கம்ப்யூட்டர், அச்சடிக்கிற மெஷின் மட்டும் ஊர்ப் பொதுக் குழாய் மாதிரி எல்லாருக்கும். கப்பல்துறைக் குமாஸ்தா நாகூர் கனி வந்து நின்று பார்த்துவிட்டு, "முத்தண்ணே, என்னை இந்த வீட்டுல குடிவெச்சுட்டீங்க சரி, வாடகை யாரு குடுப்பா?" என்று கேட்டார், "உங்க வீட்டு மருமகளா லீலாவைத் தரலாம்னு இருக்கேன் பாய், அவ ஒத்துக்கல" என்றார் இவர், லீலா மை தடவுகிற ரிப்பனைத் தூக்கி எறிந்தாள்.

ஒன்றுதான் அதில் தொல்லை. ஒருவரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்து மாற்றல் பொத்தானை அழுத்த வேண்டும், ஆனால் திரையைத் திறந்ததுமே, திறக்கிறவன் பெயரில் ஒரு நட்சத்திரம் தானாக ஏறி உட்கார்ந்திருக்கும், அந்த மெஷினின் சுபாவம் அது, உட்கார்ந்தவனைத்தான் அதற்கு முதலில் தெரியும். அதை இறக்காமல் அடுத்தவனுக்கு வைத்து அழுத்தினால் இரண்டு பேரும் சேர்ந்து போய்விடுவார்கள். "முதல்ல உன் நட்சத்திரத்தை எறக்கு, அப்புறம் அடுத்தவனுக்கு ஏத்து" என்று, இந்த வேலையில் கூடமாட உதவுகிற லீலாவுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார், அப்படியும் ஒரு தடவை மறந்து, ஒரு பையனை மாலுமிப் பிரிவுக்கு மாற்றும்போது அவளும் கூடவே போய்விட்டாள், ஒரு வாரம், அலுவலகச் சுற்றறிக்கை எதுவும் அவள் திரைக்கு வரவில்லை, வந்ததெல்லாம் மாலுமிகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்ற விசாரணை மட்டும், அங்கிள், எனக்கு ஏன் ஊசி போடச் சொல்றாங்க, நான் எந்த ஊருக்குப் போறேன் என்று கண்கலங்கி வந்து நின்றாள், எவ்வளவு சிரிப்பு அன்றைக்கு, லாசரஸ் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கிவிட்டான்...

லாசரஸ். முருங்கைக்காய்த் துண்டைச் சப்பி இலையின் ஓரத்தில் வைத்தார். ஐம்பத்து மூன்றில் இரண்டு பேரும் ஒரே நாளில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தார்கள், லாசரஸ் மூட்டையைக் கண்ணால் எண்ண மாட்டான், சரக்குமேடையில் விழுகிற சத்தத்தைக் கேட்டே எண்ணுவான், வெற்றிலை போட்டுக்கொண்டு கண்ணை மூடியபடி, ஒரு கப்பலில் நாலாயிரம் மூட்டை அரிசி, எல்லாம் ஏற்றி முடிந்து கப்பல் பினாங்கு போய்ச் சேர்ந்த பிறகு, இல்லை, ஒரு மூட்டை தரையில் விழவில்லை, எனக்குக் கேட்கவில்லை என்று அடம்பிடித்தான், தந்தி கொடுத்தார்கள், அங்கே பார்த்தால் கேப்டன் அதைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உண்மையா என்று கேட்டால் சுவிசேஷமுத்து தலையணை உறை நீல நிறம் என்பார். முப்பத்து நாலு வருடம், காலையில் ஒரே பஸ், ஏழு நாற்பதுக்கு அலுவலகம், மற்றவர்கள் எட்டரைக்கு, அந்த ஐம்பது நிமிடத்தில் ஒரு கோப்பி, ஒரு பொய் இவர் சொல்ல, அதைவிடப் பெரிய பொய் அவன் சொல்ல... போன வருடம் ஜூலையில் ஒரு புதன்கிழமை, கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவன் குடிக்கவில்லை. அவ்வளவுதான். கோப்பி மட்டும் ஆறிவிட்டது.

"ரசம் ஊத்தவா அண்ணே?" "இரு இரு, கறி முடியட்டும், என்ன அவசரம், எனக்கு ரெண்டு வருசம் இருக்கு." அவனுக்குப் புரியவில்லை, போய்விட்டான்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது, ஆள் போய்விட்டால் பெயரை அழித்துவிடு, ஒரே பொத்தான். முப்பது வருடம் சபை ஏடு எழுதிய கை அதைச் செய்யுமா? ஏட்டில் யார் பெயரையும் அடிக்கிற வழக்கம் இல்லை, ஞானஸ்நானம் வாங்கியவன் ஊரை விட்டு ஓடினாலும், சபையோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு சபைக்குப் போனாலும் பெயர் இருக்கும், செத்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னச் சிலுவையும் தேதியும், அது போதும், அடிப்பது பாவம், போதகரே கேட்டாலும் அடிக்கக் கூடாது. ஆகவே எண்பத்தாறில் டைரக்டரி தொடங்கியபோதே கம்பெனியின் பழைய ஆட்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார், முன்னோர் இல்லாத ஏடு என்ன ஏடு, பியூன் கோவிந்தசாமி, டிரைவர் இப்ராஹீம், கூட்டுகிற லட்சுமியம்மா, மொத்தம் பத்து பேர், கம்ப்யூட்டர் என்று ஒன்று வரப்போவதைக் கேள்விப்படாமலே கண்ணை மூடியவர்கள், எல்லாருக்கும் ஒரு பயனர் பெயர், கடவுச்சொல். புதுப் பக்கம் எழுத அலுப்பாக இருந்ததால் தன்னுடைய பக்கத்தையே நகல் எடுத்தார், தனக்கு இருந்த உரிமையெல்லாம் அவர்களுக்கும் வந்துவிட்டது, இருக்கட்டுமே, செத்தவர்களிடம் எதை மறைப்பது? தலைப்புக்கு என்ன போடலாம் என்று யோசித்தார், டவுனுக்குள் இருந்த மயானங்களை எல்லாம் மூடியாயிற்று, இந்துவோ கிறிஸ்தவனோ முஸ்லிமோ சீனனோ, புதைப்பதென்றால் எல்லாருக்கும் இப்போது ஒரே விலாசம், சுவா சூ காங். அதையே போட்டார். மற்றப் பக்கங்களுக்குக் கப்பல்துறை, மாலுமி, பொது. இதற்குச் சுவா சூ காங்.

விட்லாக்கின் பேனா அந்தத் தலைப்பில் வந்து நின்றது. இது எங்கே இருக்கிறது என்றான் இங்கிலீஷில். தீவின் வடமேற்கு மூலையில், சார். பெரிய இடமா? வளர்ந்துகொண்டே போகிற இடம், சார். பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் ஒன்றுகூடக் கொடுக்கவில்லையே? இதுவரை யாரும் கேட்கவில்லை, சார். ஆட்கள் எப்படி? அமைதியானவர்கள், ஒரு புகார் கிடையாது. அடிக்கடி லீவு போடுகிறார்களா? ஒருநாள்கூடப் போட்டதில்லை, சார்... ஒரு பொய் உண்டா இதில், யோசித்துப் பார்த்தால் முப்பது வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் இத்தனை உண்மை பேசியது இன்றைக்குத்தான். பக்கத்தில் மிஸ் கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுடைய அப்பாவும் அந்தக் கிளையில்தான் இருக்கிறார், ஏப்ரல் மாதம் ஊதுபத்தியும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு வருடம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், அவள் தோள் குலுங்கியது, சிரிப்பா, கோபமா, இடது டிராயரா, வலது டிராயரா. அப்போது விட்லாக் அடுத்த தாளைப் புரட்டினான், இந்தக் கிளையில் ஒரு ஆள் தினமும் காலை ஏழு நாற்பதுக்குள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுகிறார், பதினாலு மாதமாக ஒருநாள் தவறவில்லை, யார் இவர் என்று தாளை நெருக்கிப் பிடித்தான், பெயரைச் சொல்ல வாயெடுத்தான், உதடு ஒரு தடவை குவிந்தது, இன்னொரு தடவை குவிந்தது, விட்டுவிட்டான், யாராக இருந்தாலும், அவ்வளவு தூரத்திலிருந்து அந்த நேரத்துக்கு வருகிற ஆளைக் கம்பெனி விட்டுவிடக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானத்துக்குக் கிளம்பினான். போன உயிர் திரும்பி வந்தது.

ஏழு நாற்பது என்று கேட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்தது உண்மைதான், பயம் அல்ல, என்ன என்று சொல்லத் தெரியவில்லை, லாசரஸ்தான் வருகிறான் என்று அந்த இடத்திலேயே நம்பிவிட்டார், ஏன் நம்பக் கூடாது, பைபிளில் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன் பெயரை வைத்துக்கொண்டு அவன் வராவிட்டால்தான் ஆச்சரியம், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போகிறான், நமக்குத்தான் தெரியவில்லை... பஸ்ஸில் வரும்போதுகூட அதையே நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார், திங்கட்கிழமை இரண்டு கோப்பி வாங்கிவைக்கலாமா என்றுகூட. மிஸ் கோ வலது டிராயரைத் திறந்து கடிதத்தைக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, முத்து, திங்கட்கிழமை முதல் வேலை என்ன தெரியுமா, அந்த சுவா சூ காங்கிலிருந்து ஒரு ஆளை இங்கே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், எனக்கு அவர் தேவைப்படுகிறார் லா, இரண்டு வருடத்துக்கு என்றாள். அவளும் கேலி பண்ணக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, ஆகட்டும் மேடம், அவர் வர மறுத்தால் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ரசம் வந்தது. குடித்தார். எவ்வளவு லேசாக இருக்கிறது, பதினாலு மாதத்துக்குப் பிறகு சோறு சோறாக இறங்குகிறது, ஏனென்றால் கடிதம் கையில் வருகிறவரை அவருக்கு ஒரே எண்ணம்தான், கம்பெனி தன்னைக் கழித்துக்கட்டிவிட்டது. பின்னே என்ன? போன வருடம் நடுவிலிருந்து அவர் திரைக்கு ஒரு சுற்றறிக்கை வருவதில்லை, கிறிஸ்துமஸ் விருந்துக்கு எல்லாரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள், இவர் மட்டும் தயிர்சோற்றுப் பொட்டலத்தோடு, பூப்பந்து, இரத்ததானம், சீனப் புத்தாண்டு எதுவும் கிடையாது, அந்தத் தீயணைப்பு ஒத்திகை, அதை மறக்க முடியுமா, மணி அலறுகிறது, ஒன்பது மாடியும் இறங்கி ஓடுகிறது, காலையிலேயே எல்லாருக்கும் அறிவிப்புப் போயிருந்ததாம், இவருக்குத் தெரியாது, ஏதோ கார் சத்தம் என்று தனியாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார், நாகூர் கனி திரும்பி வந்து, "ஏண்ணே, நெருப்பு புடிச்சாக்கூட அசைய மாட்டீங்களா?" என்றபோது, ஓஹோ, எரிந்தால் எரியட்டும் என்றே விட்டுவிட்டார்கள் என்று நெஞ்சு வெந்தது. யாரிடமும் கேட்கவில்லை, கேட்பதா, நானா? சுற்றறிக்கை அனுப்புகிறவள் லீலா, அன்றிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, "அங்கிள், கோப்பி குடிச்சீங்களா?" "ஆச்சு." "அங்கிள், என் மேல ஏதாச்சும் கோவமா?" "இல்ல." வீட்டில் அற்புதமேரியிடம் புலம்புவார், அவள், "அவங்களுக்கு மறந்திருக்கும்ங்க, விடுங்க" என்பாள், மறந்திருக்கும்! முப்பத்தைந்து வருட ஆளை! ஆனால் இன்றைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்களே, கழித்துக்கட்ட நினைத்தவர்கள் ஏன் கொடுக்க வேண்டும், மாலுமி ஊசி அறிக்கை வந்தால்கூடப் போதும் என்று ஏங்க வைத்துவிட்டு...

மாலுமி ஊசி.

கை ரசத்தில் நின்றது. பன்னிரண்டு என்றுதானே சொன்னான்? எண்பத்தாறில் பத்து, பிறகு லாசரஸ், பதினொன்று. வெள்ளைக்காரன் டஜன் டஜனாக எண்ணிப் பழகியவன், ஒன்று கூடச் சொல்லியிருப்பான்... இலையின் ஓரத்தில் சப்பிய முருங்கைக்காய்த் துண்டுகளை வரிசையாக வைத்தார், இது கோவிந்தசாமி, இது இப்ராஹீம், இது லட்சுமியம்மா, வாட்ச்மேன், கப்பலில் தொப்பியைத் தொலைத்த நோரோனா, துண்டு தீர்ந்துவிட்டது, கறியில் எலும்பு எடுத்தார், பத்து, பதினொன்று லாசரஸ், அது கொஞ்சம் பெரிய எலும்பு. பதினொன்றுதான். அந்த வெள்ளைக்காரனுக்கு எண்ணத் தெரியாது. ஆனால் அவன் லாசரஸ் என்று ஏன் சொல்லவில்லை? பைபிளில் இருக்கிற பெயர், அவன் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும், அதற்கா உதட்டை இரண்டு தடவை குவித்தான்? எந்தப் பெயரைப் பார்த்தால் வெள்ளைக்காரன் வாய் அப்படிக் குவிந்து, திறந்து, தோற்றுப்போகும்? முப்பத்தைந்து வருடமாக எத்தனை கேப்டன்கள் வாயில் அது நடந்து பார்த்திருக்கிறார், கடைசியில் எல்லாரும் முத்து என்று சுருக்கிக்கொண்டார்களே... ஏழு நாற்பதுக்கு லாசரஸ் வருவான், சரி, லாசரஸோடு கூட வேறு யார் வருவார்கள்?

அடக்கம் முடிந்து நேரே அலுவலகத்துக்குத்தான் போனார் அன்றைக்கு, வீட்டுக்குப் போய்க் குளிக்கக்கூட இல்லை, செருப்பெல்லாம் சுவா சூ காங் செம்மண், சாயங்காலம் நாலு மணி, லீலா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். திரையைத் திறந்தார். எழுத்தெல்லாம் தண்ணீரில் நனைந்த மாதிரி. லாசரஸ் பெயருக்கு நட்சத்திரம் வைத்தார், பொத்தானை அழுத்தினார், மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஆட்களை மாற்றுகிற வேலையை, இந்தா, நீயே பார்த்துக்கொள் என்று லீலாவிடம் தள்ளிவிட்டார், சுவா சூ காங் பக்கத்தை இவரைத் தவிர யாரும் திறக்க முடியாது, இவருக்கோ திறக்க மனம் வரவில்லை, ஏடு எழுதுகிறவன் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிற வழக்கமும் இல்லை. உரிமையெல்லாம் ஒன்றே, நகல்தானே, ஆகவே கதவு எல்லாம் வழக்கம்போலத் திறந்தது, வேலை வழக்கம்போல நடந்தது, சுற்றறிக்கை மட்டும் வரவில்லை, எப்படி வரும், லீலா கப்பல்துறைக்கு அனுப்புவாள், மாலுமிக்கு அனுப்புவாள், பொதுவுக்கு அனுப்புவாள், சுவா சூ காங்குக்கு யார் கிறிஸ்துமஸ் விருந்து அறிவிப்பு அனுப்புவார்கள், பாவம், அந்தப் பெண், அவள் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், போய்ச் சேருகிற இடத்தில் இவர் இல்லை... மிஸ் கோ இரண்டு நாள் முன்னாலேயே பட்டியலைப் பார்த்திருக்கிறாள், ஒரு ஆளைத் திரும்பக் கொண்டுவா என்றாளே, இரண்டு வருடத்துக்கு வேண்டும் என்றாளே, அது கேலி இல்லை!

பன்னிரண்டாவது எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவிசேஷமுத்து சிரிக்கத் தொடங்கினார், சத்தம் வரவில்லை, தோள் மட்டும், மிஸ் கோவுக்குக் குலுங்கிய மாதிரி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரசத்தின் காரம் என்று பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். யாரும் கழித்துக்கட்டவில்லை. ஒருத்தரும் மறக்கவில்லை. பதினாலு மாதக் கோபமும் ஒரு விரல் செய்த வேலை, அதுவும் தன்னுடைய விரல், இறந்த மனிதனாக உட்கார்ந்து பதினாலு மாதம் வேலை பார்த்து, நாற்காலியைத் தேய்த்து, அந்த வெள்ளைக்காரன் கையால் நல்ல பெயரும் வாங்கி, அதற்காகவே பதவி நீட்டிப்பும் வாங்கியவன் இந்தத் தீவில் வேறு எவன் இருக்கிறான், முப்பது வருடமாகச் சொன்ன பொய்களில் ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் நிற்காது, இதைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, நம்புகிற மாதிரிச் சொல்லத் தெரிந்த ஒரே ஒருவன்... "மாணிக்கம், லட்டு இன்னொரு பெட்டி கட்டு." "வீட்டுக்கு ரெண்டாண்ணே, சுகர் இல்லியா உங்களுக்கு?" "ஒண்ணு ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்கு, பதினாலு மாசமா பேசல." "யாரு, அவங்களா?" "நான்தான்டா. செத்துப் போயிருந்தேன்." "சரிண்ணே, மோர் ஊத்தவா?" என்றான் மாணிக்கம், அவர் சொல்கிற எதற்கும் ஆச்சரியப்படாமல் இருக்க இருபது வருடத்தில் பழகிக்கொண்டவன்.

மோரையும் குடித்தாயிற்று. திங்கட்கிழமை போனதும் அரை நிமிட வேலை, அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், நட்சத்திரம் தன் பெயரில் தானாக ஏறி உட்கார்ந்திருக்கும், இந்தத் தடவை அதை இறக்க வேண்டியதில்லை, அப்படியே பொத்தானை அழுத்தினால் போதும், பொதுக் குடும்பத்துக்கு வந்துவிடலாம், சுற்றறிக்கை வரும், பூப்பந்துக்குக் கூப்பிடுவார்கள், தீ மணி அடித்தால் எல்லாரோடும் ஓடலாம். எவ்வளவு நிம்மதி. ஆனால் முதல்ல உன் நட்சத்திரத்தை எறக்கு என்று நூறு தடவை சொல்லிக்கொடுத்த விரல், அந்த ஒரு நாள் மட்டும் எப்படி மறந்தது? மறந்ததுதானா? தன் பெயரில் நட்சத்திரம் இருந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா, இல்லையா, பார்த்து, சரி, இருக்கட்டும், அவன் தனியாகப் போக வேண்டாம் என்று... சே, அப்படியெல்லாம் இருக்காது, கண் மங்கலாக இருந்தது. கண் மங்கலாகத்தான் இருந்தது. இவர் திரும்பி வந்துவிட்டால், விட்லாக் அடுத்த வருடம் வந்து அந்தத் தாளைப் புரட்டும்போது, பதினொரு பேர் இருப்பார்கள், ஏழு நாற்பதுக்கு யாரும் வரமாட்டார்கள்.

"அண்ணே, இலையை மடிக்கலாமா, வெளியில ஆளு நிக்கிது." இலையின் ஓரத்தைப் பிடித்தார். விருந்துச் சாப்பாடு என்றால் தன் பக்கமாக மடிக்க வேண்டும், சாவு வீட்டில் என்றால் எதிர்ப்பக்கமாக, சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஐம்பத்தைந்து வருடமாகக் கை தானாகச் செய்கிற காரியம், ஓரத்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக இருந்தார்கள், பெரிய எலும்புக்குப் பக்கத்தில் கடைசி எலும்பு. விசிறிக் காற்றில் இலை அவர் விரலுக்கடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படபடத்தது. "என்னண்ணே, எந்தப் பக்கம் மடிக்கிறதுன்னு மறந்துபோச்சா?" என்று மாணிக்கம் சிரித்தான்.

"மறக்கல" என்றார் சுவிசேஷமுத்து, முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். "திங்கட்கிழமை சொல்றேன், இரு."